பழைய ஃபாக்ஸ்புரோ நிரல்கள் எடிட்டரில் சரியான வண்ணத்தில் தெரிய: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூர் பனியன் கம்பெனியின் பீஸ் ரேட் கூலிப் பட்டியல், ஈரோட்டு மஞ்சள் மண்டியின் சிட்டை, கோவை பம்ப்செட் கடையின் இருப்புக் கணக்கு என்று கொங்கு வட்டாரத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பு ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் சில இன்றும் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார், அல்லது வேறு தொழிலுக்குப் போயிருப்பார். வரி விகிதம் மாறும்போதோ, பில் அச்சில் ஒரு வரி கூட்ட வேண்டியிருக்கும்போதோ, கல்லூரியில் பைத்தானும் ஜாவாவும் படித்துவிட்டு வந்த ஓர் இளைஞரிடம் அந்தக் கோப்புறை ஒப்படைக்கப்படுகிறது. தமக்குப் பழகிய எடிட்டரில் அவர் அதைத் திறந்தால் எல்லாம் ஒரே நிறத்தில் கிடக்கும். அப்படி இல்லையென்றால், ஒரு வரியில் தொடங்கிய பச்சை கோப்பின் கடைசிவரை வழிந்திருக்கும். அந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எடிட்டர் காட்டும் வண்ணம், யாரோ எழுதி வைத்த சில தேடல் விதிகள் உங்கள் வரியில் பொருந்துகின்றனவா என்று பார்த்துப் போடும் ஊகமே தவிர, கம்பைலரின் தீர்ப்பு அன்று. வண்ணம் தவறாக இருந்தாலும் நிரல் சரியாக ஓடும். வண்ணம் அழகாக இருந்தாலும் ஒரு வரி ஓடாமலே போகலாம். ஆகையால் எல்லாச் சொல்லுக்கும் நிறம் வர வேண்டும் என்பதை இலக்காகக் கொள்ளாமல், ஓடும் வரி எது, ஓடாத வரி எது, சரம் (ஸ்ட்ரிங்) எங்கே முடிகிறது என்ற மூன்றிலும் எடிட்டர் பொய் சொல்லாதபடி பார்த்துக்கொள்வதை இலக்காகக் கொள்ளுங்கள். கட்டளைச் சொற்களின் நிறம் கடைசி வேலை. புதியவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகத் தொடங்கி, நூற்றுக்கணக்கான சொற்களைப் பட்டியலில் ஏற்றிவிட்டு, குறிப்புவரி (கமெண்ட்) விதியைத் தவறாக விட்டுவிடுகிறார்கள்.

தொடங்கும் முன் கோப்புறை முழுவதையும் வேறிடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். இனி வரும் சோதனைகள் எல்லாம் அந்த நகலில்தான் நடக்க வேண்டும்.

கையில் இருப்பது எந்தக் கிளைமொழி

இந்த நிரல் கோப்புகளின் பெயர் முடியும் பிஆர்ஜி என்ற பின்னொட்டு ஒரே மொழிக்கு உரியதன்று. அஷ்டன்-டேட் நிறுவனத்தின் டிபேஸ், நான்டக்கெட் நிறுவனம் 1985இல் வெளியிட்ட கிளிப்பர், ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் உருவாக்கிப் பின்னர் 1992இல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போன ஃபாக்ஸ்புரோ, கிளிப்பரை ஒட்டி வந்த திறந்தமூல ஹார்பர் ஆகிய எல்லாமே இந்தப் பின்னொட்டைப் பயன்படுத்தியவை. இவற்றைப் பொதுவாக எக்ஸ்பேஸ் குடும்பம் என்பார்கள். குடும்பம் ஒன்றுதான், குறிப்புவரி எழுதும் முறையோ வீட்டுக்கு வீடு வேறு. இரட்டைச் சாய்கோடு (//) கிளிப்பரில் குறிப்பைத் தொடங்கும். ஃபாக்ஸ்புரோவில் அப்படி இல்லை.

எது எது என்று கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. மாறிக்கு மதிப்புக் கொடுப்பதற்கு := என்ற குறி நிறைய வந்தால் அது கிளிப்பரோ ஹார்பரோ ஆகும். ஸ்கேன், எண்ட்ஸ்கேன் என்ற இணை வந்து, திரையில் @ குறியோடு சே, கெட் என்று இடம் போட்டுக் கேட்டால் பெரும்பாலும் ஃபாக்ஸ்புரோ 2 வரிசை. டிஃபைன் கிளாஸ், திஸ்ஃபார்ம், எல்பாராமீட்டர்ஸ் ஆகியவை தென்பட்டால் 1995இல் தொடங்கிய விஷுவல் ஃபாக்ஸ்புரோ. அதன் கடைசிப் பதிப்பான 9 வெளிவந்தது 2004இல். மைக்ரோசாஃப்டின் நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2015 ஜனவரியில் முடிந்தது. இந்தக் கட்டுரை ஃபாக்ஸ்புரோவை மையமாக வைத்தே போகிறது.

இதே கோப்புறையில் எஸ்சிஎக்ஸ், விசிஎக்ஸ் என்று முடியும் கோப்புகளும் இருக்கலாம். அவை உரைக் கோப்புகள் அல்ல. படிவத்தின் நிரல் ஓர் அட்டவணையில் நீண்ட உரை வைக்கும் மெமோ புலத்துக்குள் ஒளிந்திருக்கிறது. சாதாரண எடிட்டரில் திறந்து குப்பையாகத் தெரிகிறதே என்று மலைக்க வேண்டாம்; சேமிக்கவும் வேண்டாம். அவற்றை உரையாக மாற்றிப் படிக்க ஃபாக்ஸ்பின்2பிஆர்ஜி என்ற கருவி இருக்கிறது. எஸ்பிஆர், எம்பிஆர் என்று முடிபவை உரைதான். ஆனால் திரை, மெனு வடிவமைப்பிலிருந்து தானாகப் பிறந்தவை என்பதால் அவற்றைப் படிக்கலாம், திருத்திப் பயனில்லை.

பின்னொட்டை எடிட்டருக்குச் சொல்லிக்கொடுத்தல்

விம் எடிட்டரைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு செய்தி. ஃபாக்ஸ்புரோவுக்கும் கிளிப்பருக்கும் தனித்தனி வண்ண விதிக் கோப்புகள் விம்முடனேயே வருகின்றன. ஆனால் பிஆர்ஜி கோப்பைத் திறக்கும்போது, வேறு தடயம் கிடைக்காவிட்டால் விம் அதைக் கிளிப்பர் என்றே எடுத்துக்கொள்கிறது. பாதி வண்ணம் சரியாகவும் பாதி தவறாகவும் இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். விம்மின் தொடக்க அமைப்புக் கோப்பில் ஃபைல்டைப்_பிஆர்ஜி என்ற பொது மாறிக்கு ஃபாக்ஸ்புரோ என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டால் போதும்.

விஎஸ் கோடில் தனியாக ஒரு எக்ஸ்டென்ஷன் நிறுவ வேண்டும். நிறுவிய பிறகும் கோப்பு வெறும் உரையாகவே திறந்தால், கீழே வலது மூலையில் மொழியின் பெயர் இருக்கும் இடத்தைச் சொடுக்கி, இந்தப் பின்னொட்டுக்கு எந்த மொழி என்று நிலையாகப் பதியும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். நோட்பேட்++ல் மொழி மெனுவுக்குள் நாமே ஒரு மொழியை வரையறுக்கும் பலகை உண்டு. அதன் மேல்பகுதியில் உள்ள பின்னொட்டுப் பெட்டியில் புள்ளி வைக்காமல் எழுதி, எழுத்தின் பெரியது சிறியதைப் பொருட்படுத்தாதே என்ற கட்டத்தையும் குறித்துவிடுங்கள். பழைய நிரலர்களில் சிலர் முழுவதும் பெரிய எழுத்தில் அடிப்பார்கள், சிலர் சிறிய எழுத்தில். ஃபாக்ஸ்புரோவுக்கு இரண்டும் ஒன்றே.

தற்காலிகமாக வேறு மொழியின் வண்ணத்தை இரவல் வாங்கும் வழக்கமும் உண்டு. ஃபாக்ஸ்புரோவைப் பார்த்தால் விஷுவல் பேசிக் போல இருக்கிறதே என்று அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அந்த மொழியில் ஒற்றை மேற்கோள் (') குறிப்புவரியின் தொடக்கம். ஃபாக்ஸ்புரோவிலோ சரத்தின் தொடக்கம். ஒற்றை மேற்கோளில் சரம் எழுதிய ஒவ்வொரு வரியும் அந்த இடத்திலிருந்து பச்சையாகி, ஓடும் நிரல் ஓடாததுபோல் தோன்றும். இதைவிட வண்ணமே இல்லாமல் படிப்பது மேல்.

எழுத்துக்குறி முறை

வண்ண விதிகளைத் தொடும் முன்னர் கோப்பு சரியான எழுத்துக்குறி முறையில் (என்கோடிங்) திறக்கிறதா என்று பாருங்கள். டாஸ் காலத்துப் பில் நிரலில் கட்டம் போடுவதற்காகக் கோட்டு எழுத்துகளைச் சரத்துக்குள் நேராக அடித்திருப்பார்கள். அந்தக் கோப்பை யூடிஎஃப்-8 என்று எண்ணித் திறக்கும் எடிட்டர், புரியாத பைட்டுகளுக்குப் பதிலாகக் கேள்விக்குறி வைத்த கறுப்பு வைரங்களைக் காட்டும். காட்டுவதோடு போனால் பரவாயில்லை. அப்படியே சேமித்தால் மூல பைட்டுகள் திரும்பக் கிடைக்காதபடி போய்விடும். விஎஸ் கோடில் சேமிக்காமல், வேறு எழுத்துக்குறியில் மீண்டும் திற என்ற கட்டளையைக் கொடுத்து டாஸ் காலத்து முறையான சிபி 437 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கட்டத்தின் கோடுகள் நேராகத் தெரிந்தால் அதுவே சரியான முறை. நோட்பேட்++ன் எழுத்துக்குறி மெனுவில் மேற்கு ஐரோப்பியப் பிரிவுக்குள் இதற்கு ஓஇஎம்-யுஎஸ் என்று பெயர்.

கோப்பின் கடைசியில் எஸ்யுபி என்று ஒரு சிறு கறுப்புக் கட்டம் தெரிந்தால் அது டாஸ் காலத்துக் கோப்பு முடிவுக் குறி. அதனால் தொல்லை எதுவும் இல்லை; விட்டுவிடலாம். பிஓஎம் என்ற தொடக்கக் குறி சேர்த்த யூடிஎஃப்-8 ஆகச் சேமிப்பதுதான் தொல்லை: முதல் வரிக்கு முன்னால் மூன்று பைட்டுகள் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும், பழைய கம்பைலருக்கு அவை என்னவென்று தெரியாது.

குறிப்புவரிகள்

இந்த வேலையின் மையம் இதுதான். இங்கே செலவிடும் நேரம் வீணாகாது.

ஃபாக்ஸ்புரோவில் குறிப்பு எழுத மூன்று வழிகள் உண்டு. வரியின் முதல் குறியாக நட்சத்திரக்குறி (*) வந்தால் வரி முழுவதும் குறிப்பு. நோட் என்ற சொல்லில் தொடங்கினாலும் அப்படியே. வரியின் நடுவில் && வந்தால் அதன் வலப்புறம் மட்டும் குறிப்பு. நட்சத்திரக்குறியே பெருக்கல் குறியாகவும் இருப்பதுதான் சிக்கலின் வேர். கீழுள்ள வரியைப் பாருங்கள் (மாறிகளின் பெயரைப் படிப்பதற்காகத் தமிழில் தருகிறேன்):

தொகை = அளவு * விலை && கழிவு போகாமல்

நோட்பேட்++ல் குறிப்புவரி எங்கு வேண்டுமானாலும் தொடங்கலாம் என்ற நிலையில் விட்டிருந்தால், அளவு என்ற சொல்லுக்குப் பின் எல்லாமே பச்சையாகிவிடும். பார்ப்பவர் தொகையும் அளவும் ஒன்று என்று படித்துவிடுவார். அதே பலகையில், வரியின் தொடக்கத்தில் இடைவெளி இருக்கலாம், வேறு எழுத்து இருக்கக் கூடாது என்ற நிலையைத் தேர்ந்தெடுத்தால் பெருக்கல் தப்பும். ஆனால் அந்த விதி எல்லா வரிக் குறிப்புகளுக்கும் சேர்த்தே பொருந்துவதால், வரி நடுவில் வரும் && வேலை செய்யாமல் போகும். ஆகவே && குறியை அங்கே வைக்காமல், எல்லைக்குறிகளுக்கான பக்கத்தில் ஒரு தனி இணையாக வைத்து, தொடக்கம் && என்றும் முடிவு வரிமுடிவு என்றும் கொடுத்து, அதற்கும் பச்சை நிறத்தையே பூசிவிடுங்கள்.

விஎஸ் கோடின் விதிக் கோப்பில் இது எளிது. நட்சத்திர விதியை வரித் தொடக்கத்தோடு கட்டிவிடலாம்; && விதிக்கு அந்தக் கட்டு வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு விதிகள் பொருந்தினால் முதலில் எழுதப்பட்டதே வெல்லும் என்பதால், குறிப்பு விதிகளைப் பட்டியலின் உச்சியில் வையுங்கள்.

அடுத்தது பலருக்கும் தெரியாதது. ஃபாக்ஸ்புரோவில் அரைப்புள்ளி (;) வரியின் கடைசியில் வந்தால் கட்டளை அடுத்த வரியிலும் தொடர்கிறது என்று பொருள். இது குறிப்புவரிக்கும் பொருந்தும். நட்சத்திரக்குறியில் தொடங்கிய ஒரு குறிப்பு அரைப்புள்ளியில் முடிந்தால், அதற்கு அடுத்த வரியும் குறிப்பாகவே கொள்ளப்படும். அதில் நிரல் இருந்தாலும் ஓடாது. சராசரி எடிட்டர் அந்த இரண்டாம் வரியை வழக்கமான நிறத்திலேயே காட்டும். ஓடாத வரி ஓடும் வரியாகத் தெரியும் இந்த இடம், வண்ணம் சொல்லும் பொய்களிலேயே ஆபத்தானது.

தமிழ்நாட்டில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. பாமினி எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி அமர்ந்திருக்கும் இடம் அரைப்புள்ளியின் இடம். ம் என்று அடிப்பது உண்மையில் ஆங்கிலக் கே எழுத்தையும் ஓர் அரைப்புள்ளியையும் அடிப்பதே. விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் எடிட்டரில் எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றிக்கொண்டு ஒருவர் "கூலி விவரம்" என்று குறிப்பெழுதியிருந்தால், கோப்பில் அந்த வரி அரைப்புள்ளியில்தான் முடிகிறது. அடுத்த வரி போயிற்று. தமிழில் மெய்யெழுத்தில் முடியும் சொற்கள் ஏராளம் என்பதை நினைத்தால், இப்படிக் குறிப்பு எழுதப்பட்ட கோப்பில் எத்தனை இடத்தைச் சோதிக்க வேண்டும் என்பது புரியும். எழுதியவர் ஓட்டிப் பார்த்துத் திருத்தியிருப்பார் என்று நம்பலாம். பின்னால் வந்து கை வைத்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இதற்கான விதியை எழுதுவது கடினமன்று. விஎஸ் கோடில் குறிப்பைத் தொடக்கம், முடிவு என இரு பகுதிகளாக வரையறுத்து, முன்னால் அரைப்புள்ளி இல்லாத வரிமுடிவை மட்டுமே முடிவாகக் கொடுங்கள். சி மொழியின் விதிக் கோப்பில், பின்சாய்கோட்டில் முடியும் வரிகளைத் தொடர்ச்சியாகக் காட்ட இதே உத்தி கையாளப்படுகிறது. அதைப் பார்த்து எழுதலாம். விம்மில் பகுதி வரையறைக்குள் ஸ்கிப் என்ற விதியில் வரிமுடிவு அரைப்புள்ளியைக் கொடுத்தால் அதே பலன். நோட்பேட்++ல் இதைச் செய்ய முயல்வதைவிட, நட்சத்திரத்தில் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் வரிகளைத் தேடல் பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கொண்டு ஒருமுறை பட்டியலெடுத்துச் சரிபார்ப்பது மேல்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு கணக்கீட்டு வரி அரைப்புள்ளியில் முடிந்து, அடுத்த வரி நட்சத்திரத்தில் தொடங்கினால் அது பெருக்கல். எடிட்டரோ குறிப்பு என்று பச்சையாக்கும். இப்படி எழுதியவர்கள் குறைவு. கண்ணில் பட்டால் நட்சத்திரத்தை மேல் வரியின் கடைசிக்கு, அரைப்புள்ளிக்கு முன்னால் நகர்த்திவிடுங்கள், பொருள் மாறாது.

சரங்கள்

ஒரு வரியில் தொடங்கிய நிறம் கோப்பின் அடிவரை ஓடினால், முடியாத சரம் ஒன்று எங்கோ இருக்கிறது என்று பொருள். கீழிருந்து தேடாமல், மேலிருந்து பார்த்து நிறம் முதன்முதலில் பிசகும் வரியைப் பிடியுங்கள். காரணம் அந்த வரியிலோ அதற்கு முந்தைய வரியிலோதான் இருக்கும்.

ஃபாக்ஸ்புரோ சரத்துக்கு மூன்று வகை எல்லைக்குறிகளை ஏற்கிறது: ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள், சதுர அடைப்பு. ஒன்றுக்குள் மற்றொன்றை எழுதலாம். கோவையில் குழாய் விற்கும் கடையின் நிரலில் '2" பைப்' என்று எழுதியிருப்பார்கள், அங்குலக் குறி அங்கே இரட்டை மேற்கோள், அதைச் சுற்றி ஒற்றை மேற்கோள். இரட்டை மேற்கோளை மட்டும் அறிந்த விதி, அங்குலக் குறியில் சரம் தொடங்குவதாக எண்ணிக் கீழே வரும் விலைப்பட்டியல் முழுவதையும் விழுங்கிவிடும். மூன்று வகைகளையும் தனித்தனி விதிகளாக எழுதுங்கள்; ஒவ்வொன்றுக்கும் தன் குறி, வரிமுடிவு ஆகிய இரண்டில் எது முதலில் வந்தாலும் சரம் முடிந்தது என்று கொடுங்கள். ஃபாக்ஸ்புரோ சரம் தானாக அடுத்த வரிக்குத் தாண்டுவதில்லை என்பதால் இது பாதுகாப்பானது. ஊகம் தவறினாலும் சேதம் ஒரு வரியோடு நிற்கும்.

இன்னொரு காரணம் பின்சாய்கோடு. "டி:\கணக்கு\" என்று ஒரு கோப்புறைப் பாதை பின்சாய்கோட்டில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சி மொழியின் விதியிலிருந்து நகலெடுத்து எழுதப்பட்ட விதிக் கோப்பு, பின்சாய்கோட்டுக்கு அடுத்து வரும் மேற்கோளைச் சரத்துக்குள் அடங்கிய எழுத்தாகக் கொள்ளும், சரம் முடியாது. ஃபாக்ஸ்புரோவில் பின்சாய்கோட்டுக்கு அப்படி ஒரு சக்தி கிடையாது. விதிக் கோப்பில் சரத்துக்குள் பின்சாய்கோடு பற்றிய துணைவிதி இருந்தால் நீக்குங்கள். நோட்பேட்++ல் எஸ்கேப் பெட்டியை வெறுமையாக விடுங்கள்.

சதுர அடைப்பு அத்தனை எளிதாக அகப்படாது. மாதம்[4] என்றால் அணியின் (அரே) நான்காம் உறுப்பு. வெற்றிடத்துக்குப் பின் தனியாக [மொத்தம்] என்றால் சரம். அடைப்புக்கு முன்னால் ஒட்டினாற்போல் எழுத்தோ எண்ணோ இருந்தால் அணி, இல்லையேல் சரம் என்று விஎஸ் கோடிலும் விம்மிலும் பின்னோக்கிப் பார்க்கும் விதியால் பிரிக்கலாம். நோட்பேட்++ன் பலகைக்கு அந்த வசதி இல்லை. அங்கே சதுர அடைப்புக்கு நிறமே கொடுக்காமல் விடுவது என் பரிந்துரை.

எண்ட்இஃப், எண்ட்டூ போன்ற முடிவுச் சொற்களுக்குப் பின் எழுதப்படுவதை ஃபாக்ஸ்புரோ பொருட்படுத்துவதில்லை. அதனால் பலர் அங்கேயே எந்த நிபந்தனை முடிகிறது என்று ஆங்கிலத்தில் எழுதி வைப்பார்கள். அதில் ஓர் உடைமைக்குறி வந்தால் அதுவும் ஒற்றை மேற்கோள்தான். டெக்ஸ்ட் என்ற கட்டளைக்கும் எண்ட்டெக்ஸ்டுக்கும் இடையில் வருவதும் அப்படியே. அந்தப் பகுதிக்குத் தனி விதி கொடுத்து உள்ளே வேறெந்த விதியும் நுழையாமல் தடுங்கள். விம்மில் நீளமான டெக்ஸ்ட் பகுதியின் நடுவே தாவினால் நிறம் குழம்பும். சில வரிகள் மேலேயிருந்து மட்டும் அது கணக்கிடுவதே காரணம். சின்டாக்ஸ் சிங்க் ஃப்ரம்ஸ்டார்ட் என்ற கட்டளை கோப்பின் தொடக்கத்திலிருந்து கணக்கிடச் செய்யும்.

கட்டளைச் சொற்கள்

ஃபாக்ஸ்புரோவில் கட்டளையின் முதல் நான்கு எழுத்துகளை அடித்தாலே போதும். ரிப்ளேஸ், செலக்ட், அப்பெண்ட் ஆகியவை பழைய கோப்புகளில் நான்கெழுத்துக் குறுக்கங்களாகவே கிடக்கும். அந்தக் காலத்து நிரலர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்: "நாலெழுத்து அடிச்சாப் போதும் கண்ணு, மிச்சத்தை அதுவே புரிஞ்சுக்கும்" என்பார். புரிந்துகொள்வது கம்பைலர், எடிட்டர் அல்ல.

நோட்பேட்++ல் ஒவ்வொரு சொற்பட்டியலுக்கும் முன்னொட்டு முறை என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் குறித்துவிட்டு நான்கெழுத்தை மட்டும் எழுதினால், அதில் தொடங்கும் எல்லாச் சொல்லும் நிறம் பெறும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கவுண்ட் என்ற கட்டளையின் முதல் நான்கெழுத்தைக் கொடுத்துவிட்டு, திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தின் இன்வாய்ஸ் நிரலைத் திறந்தால், கன்ட்ரி என்ற புலத்தின் பெயர் வரும் இடமெல்லாம் கட்டளை நிறத்தில் மின்னும். ஆகையால் அந்தக் கட்டத்தைக் குறிக்காமல், ஒவ்வொரு கட்டளைக்கும் நான்கெழுத்து வடிவம், முழு வடிவம் என இரண்டை மட்டும் பட்டியலில் எழுதுங்கள். ஐந்தாறு எழுத்தில் நிறுத்துபவர்கள் அரிது.

விம்மில் கட்டாயப் பகுதிக்குப் பின் விருப்பப் பகுதியைச் சதுர அடைப்பில் எழுதும் வசதி, கட்டளைச் சொல் வரையறையிலேயே இருக்கிறது. விஎஸ் கோடில் விருப்ப எழுத்துகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடைப்பிட்டு எழுத வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் சரியாக வேலை செய்யும்.

கட்டளைச் சொற்களை ஃபாக்ஸ்புரோ முற்றாக ஒதுக்கி வைப்பதில்லை. டேட், ஆர்டர் என்றெல்லாம் புலங்களுக்குப் பெயர் வைத்திருப்பார்கள். ஒரு சொல்லுக்கு முன்னால் புள்ளியோ -> என்ற அம்புக்குறியோ இருந்தால் அதற்கு நிறம் வேண்டாம் என்ற ஒரு விதி, இந்தத் தவறுகளில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

சோதனைக் கோப்பு

விதிகளை உண்மையான நிரலில் சோதிக்காமல், அதற்கென்றே ஒரு சிறு பிஆர்ஜி கோப்பு எழுதிக்கொள்ளுங்கள். பெருக்கல் உள்ள ஒரு வரி, அதன் வலப்புறம் && குறிப்பு; இடைவெளி விட்டுத் தொடங்கும் நட்சத்திரக் குறிப்பு, அதற்குள் ஓர் உடைமைக்குறி; அரைப்புள்ளியில் முடியும் குறிப்பு, அதற்குக் கீழே ஒரு கட்டளை; அங்குலக் குறி கொண்ட சரம்; பின்சாய்கோட்டில் முடியும் பாதை; அணியும் சதுர அடைப்புச் சரமும் அடுத்தடுத்து; பின்னால் குறிப்பு எழுதிய எண்ட்இஃப்; நான்கெழுத்து ரிப்ளேஸ்; கன்ட்ரி என்ற புலம். கடைசியில், எந்தத் தந்திரமும் இல்லாத ஒரு சாதாரண வரி இருக்க வேண்டும். அந்த வரி சாதாரண நிறத்தில் தெரிந்தால், மேலே எதுவும் கசிந்து கீழே வழியவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஏதாவது ஒரு வரி எதிர்பார்த்தபடி வரவில்லையென்றால், விஎஸ் கோடின் கட்டளைப் பெட்டியில் இன்ஸ்பெக்ட் எடிட்டர் டோக்கன்ஸ் அண்ட் ஸ்கோப்ஸ் என்பதை இயக்கி, அந்தச் சொல்லின் மேல் கர்சரை வையுங்கள். எந்த விதி அதைப் பிடித்தது என்று அது காட்டும். விதி சரியாகவே பிடித்திருந்து நிறம் மட்டும் வேறுபடாமல் இருந்தால், குற்றம் தீமில் இருக்கிறது. வேறொரு தீமுக்கு மாறிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷனோடு வந்த விதிக் கோப்பை நேரடியாகத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் உங்கள் திருத்தம் அழிந்துவிடும் என்பதால், அதை நகலெடுத்து வேறு பெயரில் உங்களுடைய எக்ஸ்டென்ஷனாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த விதிக்கும் அகப்படாத ஒன்று உண்டு. ஒற்றை & குறி ஃபாக்ஸ்புரோவில் மேக்ரோ; அதன் பின் வரும் மாறிக்குள் இருக்கும் சரத்தை, நிரல் ஓடும் நேரத்தில் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். அறிக்கையின் வடிகட்டும் நிபந்தனையை இப்படிச் சரமாகக் கோத்து ஓட்டுவது அந்நாளைய வழக்கம். எடிட்டருக்கு அது வெறும் சரம். சர நிறத்தில்தான் தெரியும். & குறியைத் தேடிப் பட்டியலெடுத்து, அந்தச் சரங்கள் எங்கே கட்டப்படுகின்றன என்பதைக் கையால் தொடர்ந்து படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாம் ஒழுங்கானதும், நோட்பேட்++ன் மொழி வரையறையை ஏற்றுமதி செய்து, அல்லது விஎஸ் கோடின் விதிக் கோப்புறையை நகலெடுத்து, சோதனைக் கோப்போடு சேர்த்து நிரல் இருக்கும் கோப்புறைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கிளிப்பர் நிரலும் ஃபாக்ஸ்புரோ நிரலும் ஒரே அலுவலகத்தில் கலந்து இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிக் கோப்புறை வைத்து, விஎஸ் கோடில் பின்னொட்டுப் பதிவை அந்தந்தக் கோப்புறைக்கு மட்டும் செல்லும்படி கொடுங்கள்; இல்லையேல் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றொன்று கெடும்.